தொடாமல் அளந்த கால்கள்

ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையில் திமிரி வரும். 1751-ல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்த ராபர்ட் கிளைவ், கையோடு இந்தத் திமிரிக் கோட்டை மீதும் படை நடத்தினார் என்று வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கிறது. எனக்குத் திமிரி என்றால் எங்கள் அப்பாவின் செருப்புக் கடைதான். பஸ் நிற்கும் இடத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி, சார்ப்பு இறக்கிய எட்டுக்குப் பத்து இடம். சுவர் நெடுக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் தினத்தாளில் கிழித்த காகிதப் பட்டைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். ஒரு பட்டை என்றால் ஒரு ஆளின் கால். பட்டையின் தலைப்பில் அப்பா பெயரும் ஊரும் எழுதி வைத்திருப்பார். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் பாதிப் பேருடைய கால் அந்தச் சுவரில் இருந்தது.

கால் அளக்க வருகிறவரை அப்பா உட்கார விடமாட்டார். தரையில் செய்தித்தாளை விரித்து, இரண்டு காலிலும் சமமாகப் பாரம் போட்டு நிற்கச் சொல்வார். உட்கார்ந்துகொண்டு காலை நீட்டினால் பாதம் சுருங்கி இருக்கும், நின்றால்தான் அகலும். பிறகு பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுப்பார். என்னை இழுக்கச் சொன்ன நாட்களில், “பென்சில நட்டமா புடிடா” என்பதே ஓயாத பாட்டு. பென்சில் உள்பக்கம் சாய்ந்தால் கோடு பாதத்தின் அடிக்குள் நுழைந்துவிடும், செருப்பு பிடிக்கும். வெளிப்பக்கம் சாய்ந்தால் லொடலொடக்கும். நட்டமாகவே பிடித்தாலும் ஒரு சங்கதி உண்டு. பென்சிலின் பருமன் 7 மி.மீ. என்றால் அதன் முனை காலிலிருந்து 3.5 மி.மீ. தள்ளித்தான் ஓடும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 7 மி.மீ. கூடுதல். அப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் தோல் வெட்டும்போது கத்தியைக் கோட்டின் மேல் வைக்காமல் உள்ளே தள்ளித்தான் வைப்பார். எவ்வளவு உள்ளே என்று கேட்டால், “கோட்டுக்கு உள்ள” என்பார்.

கோடு தட்டையான அளவு. காலின் உயரமும் சுற்றளவும் அதில் வராது. அதற்குத்தான் அந்தக் காகிதப் பட்டை. விரல்களுக்குப் பின்னால் பாதம் அகன்று நிற்கும் இடத்தில் பட்டையைச் சுற்றி இழுத்துப் பிடித்து, முனை சேரும் இடத்தில் நகத்தால் ஒரு கிழிசல் போடுவார். பாதத்தின் மேடான இடத்தில் சுற்றி இரண்டு கிழிசல். குதிகாலிலிருந்து மேல்பாதத்துக்குச் சரிவாகச் சுற்றி மூன்று. எண் எதுவும் கிடையாது. பட்டையை அப்படியே மரக்கட்டை மேல் சுற்றிப் பார்ப்பார், பற்றாத இடத்தில் கட்டை மேல் தோல் துண்டு ஒட்டி உயர்த்துவார்.

பாலாற்றை ஒட்டிய எங்கள் வட்டாரத்தில் வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று எங்கே திரும்பினாலும் தோல்ஷாப்பும் ஷூ கம்பெனியும்தான். 1998-ல் நான் ஒரு ஷூ கம்பெனியில் லாஸ்ட் பிரிவுக்கு வேலைக்குப் போனேன். லாஸ்ட் என்பது ஷூவுக்குள் நுழைத்து அதற்கு உருவம் கொடுக்கும் கால் வடிவக் கட்டை. முன்பு மரத்தில் செய்தார்கள். இப்போது கெட்டியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் கடைகிறார்கள். பார்ப்பதற்குக் கால் போல இருந்தாலும் அது காலின் பிரதி அல்ல. விரல் முனைக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடம் விட்டிருக்கும், குதிகால் உயரத்துக்கு ஏற்ப அடிப்பாகம் வளைந்திருக்கும், ஷூ காலைப் பிடிக்க வேண்டிய இடத்தில் சுற்றளவு காலைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கும். அப்பா கட்டை மேல் தோல் ஒட்டியும் சீவியும் செய்ததெல்லாம் இந்த மாற்றத்தைத்தான்.

நான் சேர்ந்தபோது அங்கே காப்பி லேத்து ஓடிக்கொண்டிருந்தது. மாதிரிக் கட்டை ஒரு பக்கம் சுழலும். அதன் மேல் ஒரு சக்கரம் தடவிக்கொண்டே போகும். அந்தச் சக்கரம் ஏறி இறங்குகிறபடியே இன்னொரு பக்கம் வெட்டுக்கத்தி ஏறி இறங்கும். அமெரிக்காவில் தாமஸ் பிளான்சார்ட் என்பவர் 1819-ல் துப்பாக்கிக் கட்டை கடைய அமைத்த லேத்தின் வழி வந்தது அது. பிறகு மேசை மேல் வைக்கும் தொட்டு அளக்கும் கருவி வந்தது. முனையில் சின்னக் குண்டு உள்ள ஊசி கட்டையைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு புள்ளியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கணக்கில் குண்டின் மையம்தான் பதிவாகும், ஆகவே குண்டின் ஆரத்தைக் கழித்தால்தான் கட்டையின் உண்மையான மேற்பரப்பு வரும் என்று பயிற்சி கொடுக்க வந்தவர் போர்டில் படம் போட்டு விளக்கினார். எனக்கு உடனே பென்சிலும் அப்பாவின் “கோட்டுக்கு உள்ள”வும் நினைவுக்கு வந்தன. அன்றிரவு வீட்டில் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினார்.

2004-ல் எங்கள் பிரிவுக்கு லேசர் ஸ்கேனர் வந்தது. அதிலிருந்து இன்றுவரை என் பிழைப்பு வெளிச்சத்தால் உருவத்தை அளப்பதுதான். இதை எப்படிச் செய்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் எங்கள் பழைய ஓட்டு வீட்டைத்தான் சொல்வேன். கூரை இடுக்கு வழியாக வெயில் ஒரு கோடாக இறங்கி, மூலையில் குவித்து வைத்திருக்கும் மல்லாட்டை மேல் விழும். தரையில் நேராக வரும் கோடு குவியலில் ஏறியதும் வளையும். கோடு எவ்வளவு விலகியது என்று பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் குவியல் எவ்வளவு உயரம் என்று சொல்லிவிடலாம். வெயில் வருகிற திசையிலேயே கண்ணை வைத்துப் பார்த்தால் கோடு நேராகத்தான் தெரியும், ஒன்றும் பிடிபடாது. வெளிச்சம் ஒரு கோணத்தில், பார்வை இன்னொரு கோணத்தில். இந்த முக்கோணம்தான் எல்லாம்.

ஸ்கேனரில் இடுக்கு வெயிலுக்குப் பதில் லேசர் கோடு, கண்ணுக்குப் பதில் கேமரா. கோட்டிலிருந்து கேமரா 45 டிகிரி விலகி நின்றால் ஒரு மி.மீ. மேடு 0.7 மி.மீ. விலகலாகத் தெரியும். 15 டிகிரிதான் விலகினால் அதே மேடு 0.26 மி.மீ.தான் காட்டும். அப்படியானால் கோணத்தை விரித்துக்கொண்டே போகலாமே என்று தோன்றும். போனால் வேறு தொல்லை. குதிகாலின் பின்வளைவும் உள்பாதத்தின் குழிவும் கேமராவுக்கு மறைந்துவிடும்; படத்தில் அங்கே ஓட்டை விழும். அதனால்தான் கால் ஸ்கேனர்களில் காலைச் சுற்றிப் பல கேமராக்களை வைக்கிறார்கள்.

இன்னொரு முறை, கோடு ஒன்றுக்குப் பதில் கோடுகள் கூட்டமாகப் போடுவது. கட்டம் போட்ட லுங்கியைப் போர்த்திக்கொண்டு ஒருவர் படுத்திருக்கும்போது பாருங்கள். முழங்கால் மேட்டில் கட்டங்கள் வளைந்தும் விரிந்தும் தெரியும்; அந்த வளைவை வைத்தே உள்ளே கால் எப்படி மடங்கியிருக்கிறது என்று நம் கண் சொல்லிவிடும். புரொஜெக்டர் காலின் மேல் கருப்பு வெள்ளைக் கோடுகளை விரிக்கிறது, கேமரா அதைப் படம் பிடிக்கிறது. ஆனால் எல்லாக் கோடும் ஒரே மாதிரி இருந்தால் மேட்டைத் தாண்டிய பிறகு எது எந்தக் கோடு என்று இயந்திரத்துக்குக் குழம்பிவிடும். அதற்காகப் பட்டையான கோடு, அதில் பாதி, அதிலும் பாதி என்று மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் வெளிச்சமும் இருட்டும் கலந்த ஒரு தனி முகவரி கொடுப்பார்கள். பத்துப் படம் எடுத்தால் 1,024 முகவரி கிடைக்கும். கட்டைக்கு இது அருமையான முறை. காலுக்கு அப்படியில்லை. வயசானவர் நின்றால் கால் நடுங்கும். முதல் படத்துக்கும் பத்தாவது படத்துக்கும் இடையில் பாதம் ஒரு மி.மீ. நகர்ந்தாலும் முகவரி தப்பிப்போகும். நான் ஸ்கேனர் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் கம்பி வைத்தேன். அதற்குப் பிறகு பாதி ஸ்கேன்கள் திரும்ப எடுக்க வேண்டியிருக்கவில்லை.

கருப்புத் தோல் எங்களுக்குப் பெரிய சோதனை. மினுமினுக்கும் கருப்பு ஷூவை ஸ்கேன் செய்தால் வெளிச்சத்தில் பெரும்பகுதியைக் கருப்பு விழுங்கிவிடும், மீதியைப் பளபளப்பு கண்ணாடி போல வேறு திசைக்கு அனுப்பிவிடும். கேமராவுக்கு எதுவும் வராது. அல்லது பொய்யான மேடு ஒன்று வரும். வெல்டிங் வெடிப்பு பார்க்கும் வெள்ளை ஸ்ப்ரே அடித்துச் சமாளித்தோம். அது தீர்ந்த நாளில் முகப்பவுடரைத் துணியில் கட்டித் தட்டினோம். பவுடர் மெலிதாக இருக்க வேண்டும். தடிப்பாக விழுந்தால் நாம் அளப்பது ஷூவை அல்ல, பவுடரை.

காலை ஸ்கேன் செய்யும்போது ஆள் நிற்பது கண்ணாடித் தளத்தின் மேல். கீழிருந்தும் கேமரா பார்க்கும். தெப்பக்குளத்தின் படி தண்ணீருக்குள் இருக்கும்போது உண்மையைவிட மேலே தெரிகிறதல்லவா? 10 மி.மீ. கண்ணாடியும் அதே வேலையைச் செய்து, அதன் மேல் பதிந்த பாதத்தை ஏறக்குறைய 3 மி.மீ. கிட்டே இழுத்துக் காட்டும். கண்ணாடியோடு சேர்த்தே கருவியை அளவுக்குப் பொருத்தாவிட்டால் உள்ளங்கால் முழுக்கத் தவறாகிவிடும்.

இதெல்லாம் பழகிய பிறகும் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். ஒரு மே மாதம். வெளியூர் வாடிக்கையாளரின் மாதிரி லாஸ்ட் ஒன்று பகல் இரண்டு மணிக்கு வந்தது. லாரி தளத்தில் தகரக் கொட்டகைக்கு அடியில் காலையிலிருந்தே கிடந்திருக்கிறது. அவசர ஆர்டர். ஏ.சி. அறைக்குள் கொண்டுவந்த கையோடு ஸ்கேன் செய்தேன். அதற்கு முன் வழக்கம்போல இரும்புச் சோதனைக் கட்டையை வைத்துப் பார்த்தேன். கருவி சரி என்று காட்டியது. அது சரியாகத்தான் இருந்தது. சூடாக இருந்தது லாஸ்ட். அந்த பிளாஸ்டிக் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறக்குறைய 0.15 மி.மீ. நீளும். 29 சென்டிமீட்டர் லாஸ்ட், அறையைவிட 20 டிகிரி சூடு. ஏறக்குறைய 0.9 மி.மீ. கூடுதலாகவே ஒரு உருவம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. அதை வைத்து எல்லா சைஸும் பெருக்கி, நூற்றுக்கணக்கில் லாஸ்ட் கடைந்தாகிவிட்டது. சோல் வேறு இடத்திலிருந்து சரியான அளவில் வந்தது. குதிகால் ஓரத்தில் ஷூவின் மேல்பாகமான அப்பர் சோலைத் தாண்டித் துருத்தியது. லாஸ்ட் அத்தனையும் திரும்ப உருக்கப் போனது. நான் ஒருவன் அவசரப்பட்டதால் இரண்டு வாரம் ஒரு லைன் முழுக்க வேலையில்லாமல் நின்றது. அந்த லைனில் தினக்கூலிக்கு வந்த பெண்களும் இருந்தார்கள். அவர்களுடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பல நாள் கூசியது. அன்று முதல் எந்த லாஸ்ட் வந்தாலும் ஒரு இரவு அறையில் கிடந்து குளிர்ந்த பிறகுதான் தொடுவேன். வருகிற பையன்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான்: கையில் எடு, சூடு இருக்கிறதா பார்.

எங்களிடம் வந்த லாஸ்ட்கள் எல்லாமே ஐரோப்பியக் கால்களுக்கானவை. இங்கிலீஷ் சைஸில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வித்தியாசம் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது 8.47 மி.மீ. பாரிஸ் பாயிண்ட் என்கிற கண்டத்து அளவில் 6.67 மி.மீ. இந்த இரண்டையும் மனப்பாடமாக வைத்திருந்த நாங்கள், எங்கள் ஊர்க் காலின் அளவு என்ன என்று கேட்டால் முழித்திருப்போம். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் எத்தனையோ ஆயிரம் பெண்கள் லெதர் ஷூ தைக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து கேட்டைத் தாண்டும்போது அவர்கள் காலில் ரப்பர் செருப்புதான். அவர்களில் சிலரை மேலதிகாரியிடம் அனுமதி கேட்டு ஸ்கேனரில் நிற்க வைத்தேன். சின்ன வயசில் வெறுங்காலில் நடந்து வளர்ந்த கால்கள். விரல்கள் ஒன்றையொன்று நெருக்காமல் விசிறி போல விரிந்து, முன்பாதம் நன்றாக அகன்றிருந்தது. நீளத்துக்குப் பொருந்திய ஐரோப்பிய லாஸ்டைத் திரையில் அந்தக் கால் மேல் ஏற்றி வைத்தேன். சுண்டுவிரல் பக்கம் கால் லாஸ்டைத் தாண்டி வெளியே நின்றது. அந்த அகலம் பொருந்தும்வரை சைஸ் ஏற்றிக்கொண்டே போனால் முன்னால் நீளம் சும்மா காலியாகக் கிடந்தது. கடையில் நம் ஆட்கள் “கொஞ்சம் லூஸா இருந்தா பரவால்ல” என்று பெரிய ஷூ வாங்குவதும், நடக்கும்போது குதிகால் கழன்று கழன்று வருவதும் ஏன் என்று அந்தத் திரையைப் பார்த்தபோது விளங்கியது.

வெறுங்காலைப் பற்றி நம் நாட்டிலேயே நல்ல ஆராய்ச்சி உண்டு. உதய பாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரண்டு மருத்துவர்கள் 2,300 பிள்ளைகளின் பாதச்சுவட்டை எடுத்து ஆராய்ந்து 1992-ல் வெளியிட்டார்கள். காலணி போட்டு வளர்ந்த பிள்ளைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்கால் பிள்ளைகளில் அது 2.8 சதவீதம்தான். அவர்களிடம் ஸ்கேனர் எதுவும் இல்லை. பாதச்சுவடுதான். நன்றாகக் கேட்கப்பட்ட கேள்விக்கு எளிய கருவியே பதில் சொல்லிவிடும் என்பதற்கு நான் இதைத்தான் உதாரணம் காட்டுவேன்.

நம் காலின் அளவு என்ன என்ற கேள்விக்கும் கடைசியில் பதில் தேடினார்கள். சென்னை அடையாறில் 1948-லிருந்து இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாட்டை ஐந்து மண்டலமாகப் பிரித்து, 79 இடங்களில், 1,01,880 பேருடைய கால்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. பெண்களின் கால் 11 வயதுக்குள்ளும் ஆண்களின் கால் 15, 16 வயதுக்குள்ளும் பெரும்பாலும் வளர்ந்து முடிந்துவிடுகிறது என்று கண்டார்கள். இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலம் என்றும் கண்டார்கள். வட்டாரத்துக்கு ஒரு அளவுமுறை வேண்டியிருக்குமோ என்ற கேள்வியோடு தொடங்கிய வேலை, நாடு முழுமைக்கும் ஒரே முறை போதும் என்ற முடிவில் நின்றது. கைக்குழந்தையிலிருந்து பெரியவர்கள்வரை எட்டுப் பிரிவுகள். பாரதம் என்ற சொல்லின் முதல் எழுத்தை வைத்து அதற்கு ‘பா’ என்று பெயர். அந்த வேலையில் எனக்குப் பங்கு இல்லை. ஆனாலும் 2024-ல் செய்தித்தாளில் அந்த எண்ணிக்கையைப் படித்தபோது, அன்று எங்கள் ஸ்கேனரில் நின்ற பெண்களின் கால்களை நினைத்துக்கொண்டேன். இது எவ்வளவோ முன்பே நடந்திருக்க வேண்டிய வேலை. தாமதமானாலும் இதை லாஸ்ட் கடைகிறவர்களும் கடைக்காரர்களும் கையில் எடுக்க வேண்டும்.

இனி அப்பாவின் பட்டைக்கு வருகிறேன். கண் மங்கி அவர் கடையை நிறுத்திய பிறகு, ஆணிகளில் இருந்த பட்டைகளை நான் எடுத்து வைத்திருந்தேன். கைக்கு அடக்கமான ஸ்கேனர் ஒன்றை 2016-ல் சொந்தமாக வாங்கியபோது, பட்டையில் பெயர் இருந்தவர்களில் பத்துப் பேரைத் தேடிப் போய்க் காலை ஸ்கேன் செய்தேன். சுற்றளவை ஒப்பிட்டால், விரலடி அகலத்தில் எல்லோருக்கும் ஸ்கேனர் கணக்கு பட்டையைவிட நாலைந்து மி.மீ. அதிகம். ஒருவருக்குக்கூடக் குறையவில்லை. வயசாகிக் கால் பருத்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு அப்பாவிடமே புதிதாக ஒரு பட்டை எடுக்கச் சொல்லி, அதே நிமிடத்தில் அதே காலை ஸ்கேன் செய்தேன். அதே வித்தியாசம்.

“ஒங்க அளவுல கொறையுதுப்பா” என்றேன்.

பட்டையை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்: “உன் வெளிச்சம் காலத் தொடவே இல்லையேடா. நான் இழுத்துப் புடிச்சேன். செருப்பும் இழுத்துத்தான புடிக்கும்?”

பன்னிரண்டு வருடம் வெளிச்சத்தால் அளந்துகொண்டிருந்த எனக்கு அது உறைக்கவில்லை. வெளிச்சம் தோலின் மேற்பரப்பை அது இருக்கிறபடியே காட்டும். அந்தத் தோலுக்கு அடியில் சதை எவ்வளவு அமுங்கும், எலும்பு எங்கே குத்தும் என்று அதற்குத் தெரியாது. ஒரே சுற்றளவு உள்ள இரண்டு கால்களில் ஒன்று உழவனின் இறுகிய காலாக இருக்கும். இன்னொன்று நீர் கோத்த காலாக இருக்கும். திரையில் இரண்டும் ஒன்று. ஷூவுக்குள் இரண்டும் வேறு. அன்றிலிருந்து நான் ஸ்கேன் எடுத்தாலும் மூன்று இடத்தில் டேப் போட்டு இழுத்துப் பார்த்து, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, அதையும் குறித்துக்கொள்கிறேன்.

வேலூர்ப் பக்கத்தில் காலணி என்றால் இன்னொரு வரலாறும் உண்டு. 1946-ல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் பட்ட காயங்களாலேயே அழிகின்றன என்று நிறுவினார். வலியே தெரியாத காலுக்குச் செருப்புதான் காவல். சி.எம்.சி.யிலும் கரிகிரித் தொழுநோய் மருத்துவமனையிலும் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற மைக்ரோ செல்லுலார் ரப்பர் செருப்பு அப்படித்தான் பழக்கத்துக்கு வந்தது. இன்று அதே செருப்பு சர்க்கரை நோயாளிகளின் கால்களையும் காக்கிறது. இப்போது என் வேலையில் பாதி இவர்களுக்குத்தான். முன்பு மாவுக்கட்டு சுற்றி அச்சு எடுப்பார்கள். அரை மணி நேரம் ஆகும். புண் உள்ள காலில் அதைச் சுற்றவும் தயக்கமாக இருக்கும். தொடாமல் அளக்கும் ஸ்கேனர் அங்கே உண்மையிலேயே ஒரு வரம்.

மூன்று வருடத்துக்கு முன் திமிரிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி மகனோடு வந்தார். வயது அறுபதுக்கு மேல். பதினைந்து வருடமாகச் சர்க்கரை. “எறும்பு கடிச்சாலும் தெரியறதில்ல தம்பி” என்றார். இரண்டு காலையும் ஸ்கேன் செய்தேன். ஒரு காலைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி, இன்னொன்றின் மேல் பொருத்தி, எங்கே வித்தியாசம் என்று நிறத்தில் பார்ப்பது என் வழக்கம். வலது உள்ளங்காலில் கட்டைவிரலுக்குப் பின்னால் ஒரு ரூபாய் அளவு இடம் சிவப்பு காட்டியது. இடது காலைவிட 2.5 மி.மீ. மேடு. காய்ப்பாக இருக்கலாம், வெறுங்காலில் நடப்பவர்களுக்கு அது சகஜம். புறங்கையை வைத்துப் பார்த்தேன். அந்த இடம் மட்டும் சுட்டது. மற்றக் காலில் அதே இடம் குளிர்ச்சி. இரண்டு பாதத்துக்கும் ஒரே இடத்தில் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது எச்சரிக்கை என்று சர்க்கரைப் பாத மருத்துவர்கள் சொல்வார்கள். என் கைக்கு எண் தெரியவில்லை, சூடு தெரிந்தது.

லைட்டைக் கிட்டே வைத்துப் பார்த்தால் கடுகளவு கருப்புப் புள்ளி.

“ஐயா, செருப்பக் கொஞ்சம் குடுங்க” என்று வாங்கி உள்ளே விரலை விட்டுத் தடவினேன். சோலைத் துளைத்துக்கொண்டு சீமைக்கருவேல முள் ஒன்று அரை அங்குலம் மேலே நின்றது. எத்தனை நாளாக அதன் மேல் நடந்தாரோ. அளவெடுப்பதை அப்படியே நிறுத்தி, அன்றைக்கே மகனோடு வேலூர் மருத்துவமனைக்கு அனுப்பினேன். சதைக்குள் முறிந்து கிடந்த முனையை எடுத்து, சீழ் வடித்து, ஆறு வாரம் நடக்கவிடாமல் வைத்து ஆற்றினார்கள். விரல் தப்பியது. மேட்டைக் காட்டியது ஸ்கேனர். அதை நான் மறுக்கமாட்டேன். திரையை மட்டும் பார்த்திருந்தால் அதைக் காய்ப்பு என்று எழுதி, அந்த இடத்துக்கு ஒரு குழி விட்டுச் செருப்பு செய்து கொடுத்திருப்பேன்.

இப்போது செல்போனிலேயே காலைப் படம் பிடித்து அளவு சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. ஒரு பொருளைச் சுற்றிப் பல படம் எடுத்து உருவம் கண்டுபிடிப்பது புதிதல்ல. பாரிஸில் 1860 வாக்கில் பிரான்சுவா வில்லெம் என்பவர் ஆளைச் சுற்றி 24 கேமராக்களை வைத்துப் படம் எடுத்துச் சிலை செய்து கொடுத்தார். செல்போன் அளவு ஆன்லைனில் சைஸ் தேர்ந்தெடுக்க உதவும். பாரிஸ் பாயிண்டில் அரை சைஸ் என்பதே 3.3 மி.மீ.தான், காலைக் கொஞ்சம் தூக்கி நின்றால், சாக்ஸ் சுருங்கியிருந்தால், அந்த அளவு பிழை வந்துவிடும். நல்ல காலுக்கு அது பெரிய குற்றமில்லை. உணர்ச்சி குறைந்த காலுக்கு அதை நம்பிச் செருப்பு வாங்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்குச் செருப்பு வாங்கப் போகிறவர்கள் மாலையில் போங்கள். பகலெல்லாம் நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம் அதுதான். நிற்க வைத்து, இரண்டு காலையும் அளக்கச் சொல்லுங்கள். எது பெரிதோ அதற்கு வாங்குங்கள். நீளத்தோடு அகலத்தையும் கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், ராத்திரி படுக்கும் முன் அவர்களுடைய உள்ளங்காலை ஒரு முறை பாருங்கள், தொட்டும் பாருங்கள். காலையில் அவர்கள் செருப்பை மாட்டும் முன், அதை உதறிவிட்டு, உள்ளே கையை விட்டு ஒரு தடவை தடவிப் பாருங்கள்.